வலக்கண்ணில் விழுந்த நீலம்

கல்யாண வரவேற்புகளில் லேசர் நடனம் ஆடுவது என் தொழில். மண்டபத்தின் விளக்குகளை அணைத்துவிட்டு, புகை இயந்திரத்தை ஓடவிட்டு, இரண்டு கைகளிலும் நீல லேசர் பிடித்துக்கொண்டு ஆடுவோம். என் குழுவில் நாலு பேர்: நான், மதன், இன்னும் இரண்டு பெண்கள். மதன் எனக்கு உறவில்லை. ஆனால் சாந்தோமில் என் வீட்டுக்கு அடுத்த சந்தில் வளர்ந்தவன், என்னைவிடச் சின்னவன், நினைவு தெரிந்த நாளிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறான்.

இப்போது என்னைப் பார்க்கிறவர்கள் நான் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்ப்பதைக் கவனித்து, "கண்ல புரையா? இந்த வயசுலயா?" என்று கேட்கிறார்கள். புரை இல்லை. ஒருவன் வேண்டுமென்றே என் கண்ணைச் சுட்டான். பாத்திரக் கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் நின்றுகொண்டு சொல்லக்கூடிய கதை இல்லை இது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் லேசரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் தொழில் தொடங்கியபோது மவுண்ட் ரோடு பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் தீக்குச்சியைப் பற்றவைத்துக் காட்டினார்கள். கறுப்பு டார்ச் மாதிரி இருக்கும். பொத்தானை அழுத்தினால் எதிரே இருக்கிற அட்டையில் ஓட்டை விழும். "இருக்கறதுலயே பவர் கம்மியானது குடுங்க" என்று நான் கேட்டதும் ஒரு கடைக்காரர் சிரித்தே விட்டார். பேனா பருமனில் சின்ன நீல லேசர்களைத் தேடி எடுத்தேன். ஒரு மில்லிவாட்டுக்கு மேல் போகாதவை. அதையும் யார் முகத்துக்கும் நேரே பிடிக்கக் கூடாது என்பது எங்கள் குழுவில் சட்டம்.

ஆடும்போது கை எங்கே போகிறது என்று ஆடுகிறவளுக்கே எப்போதும் தெரியாது. முன்வரிசையில் குழந்தைகள் தரையில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும். அட்டையில் ஓட்டை போடுகிற சாமானைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் சுழல முடியாது. பவர் குறைந்ததில் ஒளி நூல் மாதிரிதான் தெரியும். அதற்கு ஈடாகப் புகையைக் கூட்டினோம், இருட்டைக் கூட்டினோம், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டோம். அழகாகவே இருந்தது.

மதனுக்கு அது போதவில்லை.

"அக்கா, பின்னாடி சேர்ல குந்தினுக்கிறவனுக்கு ஒண்ணுமே தெர்ல. அடுத்த டீமு பலூன சுட்டு ஒடைக்கிறானுங்க. நாம இன்னும் பேனா லைட்ட வெச்சினு ஆடினுகிறோம்."

"பலூனுக்குப் பின்னாடி யாராவது நின்னா?"

"யாரும் நிக்க மாட்டாங்கக்கா."

இந்தச் சண்டை எங்களுக்குள் வாராவாரம் நடந்தது. குழு என் பேரில் இருந்ததால் கடைசி வார்த்தை என்னுடையதாக இருந்தது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குத் தியாகராய நகரில் ஒரு பெரிய மண்டபம். ஆட்டம் நன்றாகப் போனது. கடைசிப் பாட்டு முடிகிற இடத்தில் நாங்கள் நாலு பேரும் கைகளை மேலே தூக்கி நிற்க வேண்டும். மதன் மட்டும் இடுப்பிலிருந்து ஒரு கறுப்பு டார்ச்சை உருவினான். மேடை ஓரத்தில் பலூன்கள் கட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். தடித்த நீலக் கம்பி ஒன்று இருட்டைக் கிழித்துக்கொண்டு போயிற்று. பட், பட், பட் என்று பலூன்கள் வெடித்தன. மண்டபம் அலறியது. விசிலும் கைதட்டலும் அடங்கவே இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "உள்ள வைடா அத" என்றேன். சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் நண்பர்கள் கீழே கும்பலாக நின்றிருந்தார்கள். கார் நிறுத்துமிடத்திலேயே குடித்துவிட்டு வந்தவர்கள். அதில் மெரூன் ஷெர்வானி போட்ட ஒருவன் மேடைமேல் தாவி ஏறினான். "மச்சி, ஒரு தடவ குடு, மாப்ளைக்கு அடிச்சுக் காட்றேன்" என்று டார்ச்சைப் பிடித்து இழுத்தான். மதன் கொடுக்கவில்லை. அவன் மதன் சட்டைக் காலரைப் பிடித்தான். மதன் கையைத் தட்டிவிட்டான். உடனே ஓர் அறை விழுந்தது. மதன் திருப்பி அறைந்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. கீழே இருந்த நாலைந்து பேர் மேடை ஏறினார்கள். ஒருவன் மைக் ஸ்டாண்டைத் தூக்கி மதன் முகத்தில் இறக்கினான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மதன் மண்டியிட்டான். விழுந்தவனை ஷூ காலால் விலாவில் உதைத்தார்கள். எங்கள் பெண்கள் இருவரும் சோபாவுக்குப் பின்னால் போய்க் கத்தினார்கள். பூ அலங்காரம் சரிந்து விழுந்தது. மெரூன் ஷெர்வானிக்காரன் கையில் இப்போது டார்ச் இருந்தது. பொத்தானை அழுத்திக்கொண்டே கையை வீசினான். பின்திரைத் துணியில் ஒளி நின்ற இடத்திலிருந்து புகை வந்தது. அடுத்த வீச்சு முன்வரிசைப் பக்கம் இறங்கப்போனது.

நான் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வுடுறீ" என்றான். முகத்துக்கும் முகத்துக்கும் ஒரு முழம்கூட இல்லை. நான் அவன் பக்கம் தலையைத் திருப்பினேன். அவன் டார்ச்சைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்து அழுத்தினான். வேண்டுமென்றுதான் செய்தான். அவன் கண்ணை நான் பார்த்தேன். என் வலக்கண் கடைசியாகத் தெளிவாகப் பார்த்தது அதைத்தான்.

வலி இல்லை. நீலம், பிறகு வெள்ளை, பிறகு தலைக்குள் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ஒரே ஒரு சத்தம். அடுத்து நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பிடித்திருந்த மணிக்கட்டைக் கடித்தேன். பல் தோலைத் தாண்டி இறங்கும்வரை விடவில்லை. அவன் முடியைப் பிடித்து இழுத்தான், முதுகில் குத்தினான். டார்ச் கீழே விழுந்த பிறகுதான் வாயைத் திறந்தேன். வாயெல்லாம் அவன் ரத்தம்.

யாரோ விளக்கைப் போட்டார்கள். கல்யாணப் பெண்ணின் அப்பா கையைக் கூப்பிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். "அம்மா, சத்தம் போடாதேம்மா. சம்பந்தியாத்துக்காரா எல்லாம் பாத்துண்டிருக்கா. போலீஸ் கீலீஸ்னு வேண்டாம்மா." அவர் முகத்தின் நடுவில் ஒரு சிவப்புக் குமிழி மிதந்தது. மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் அதுதான் இருந்தது. இடக்கண்ணை மூடிப் பார்த்தேன். அவர் முழுதாகவே காணாமல் போனார். விளிம்பில் வேட்டிக்கரை மட்டும் ஆடியது.

என் கணவர் ஜெரால்ட் மைலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். செய்தி கேட்டு ஆட்டோவில் வந்தார். தன் பனியனைக் கழற்றித் தண்ணீரில் நனைத்து என் வாயைத் துடைத்தார்.

மறுநாள் காலையில் ஆழ்வார்பேட்டையில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம். புருவத்தில் தையலோடு மதனும் வந்தான். கண் மருத்துவமனையின் காத்திருப்பு அறை ஒரு விசித்திரமான இடம். எல்லாருக்கும் கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டிருப்பார்கள். எல்லாரும் கண்ணை மூடி, தலையைச் சுவரில் சாய்த்து, பிணங்கள்போல வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். செவிலி வந்து இமையை விரித்து டார்ச் அடித்துப் பார்ப்பாள். அந்தச் சின்ன வெளிச்சம் கண்ணுக்கு நேரே வந்தபோது நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். டார்ச் பறந்துபோய் யாரோ மடியில் விழுந்தது.

ஒரு இயந்திரத்தில் தாடையை வைக்கச் சொன்னார்கள். கண்ணின் பின்சுவரைக் குறுக்கே வெட்டியதுபோலப் படம் எடுக்கிற ஸ்கேன் அது. தொடாமல் வெளிச்சத்தாலேயே எடுக்கிறார்கள்.

"உள்ள பச்சையா ஒரு பிளஸ் தெரியும். அதையே பாருங்க" என்றாள் ஸ்கேன் எடுத்த பெண்.

"எந்த பிளஸ்?"

"நடுவுலம்மா. நேரா பாருங்க."

"நடுவுல ஒண்ணுமே இல்லையே."

அவள் பேச்சை நிறுத்திவிட்டு ஜெரால்டைப் பார்த்தாள். என் தோள்மேல் அவர் வைத்திருந்த கை இறுகியது.

டாக்டரம்மா நடுத்தர வயது; சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். படத்தைத் திரையில் காட்டினார். "கண்ணுக்குப் பின்னாடி இருக்கற சுவர்தான் விழித்திரை. சினிமாவுக்குத் திரை மாதிரி, பார்க்கிறதெல்லாம் இதுலதான் விழும். இதுக்கு நடுவுல ஒரு சின்ன இடம் இருக்கு, மேக்குலான்னு சொல்வோம். படிக்கிறது, முகம் அடையாளம் பார்க்கிறது, ஊசில நூல் கோக்கறது எல்லாம் இந்த இடத்தோட வேலை. உங்களுக்குச் சரியா அங்கதான் சுட்டிருக்கு. மேல ரத்தம் கட்டியிருக்கு. ரத்தம் வடிஞ்சாதான் அடில என்னன்னு தெரியும்." பிறகு கேட்டார்: "என்ன லேசர் அது? எவ்வளவு பவர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மதன் சொன்னான். "லோ பவர்தான் டாக்டர். அக்கா வாங்கினதுதான். அஞ்சு மில்லிவாட்டுக்குக் கீழன்னு லேபிள்லயே போட்டுகீது."

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். "லேபிள்ல என்ன வேணா ஒட்டலாம். உண்மையிலேயே பவர் கம்மியா இருக்கறது கண்ல பட்டா கூசும். நாம நினைக்கிறதுக்கு முன்னாடி இமை மூடிக்கும், தலை திரும்பிடும். அந்தக் கண் சிமிட்டற நேரத்துக்குள்ள அதால ஒண்ணும் பண்ண முடியாது. இது சிமிட்டறதுக்கு முன்னாடியே சுட்டு முடிச்சிருக்கு. இவங்க வாங்கினதுன்னு சொல்ற சாமான் இதைப் பண்ணியிருக்காது."

மதன் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி எழுந்து போனான். திரும்பி வரவில்லை. அன்று சாயங்காலத்திலிருந்து அவன் போன் அணைந்து கிடந்தது. வீடும் பூட்டியிருந்தது.

அவன் எதற்குப் பொய் சொன்னான் என்று சீக்கிரமே புரிந்தது. ஷெர்வானிக்காரன் வீட்டார் முந்திக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போயிருந்தார்கள். நடனக்குழு ஆபத்தான கருவியைக் கொண்டுவந்தது, குழுத்தலைவி பிலோமினா தங்கள் பையனைக் கடித்துக் காயப்படுத்தினாள், கருவி அவள் கையிலிருந்தே விழுந்தது என்று புகார். டார்ச் இப்போது போலீஸிடம். அது எனக்குத் தெரியாமல் வாங்கியது என்று சொல்லக்கூடியவன் மதன் ஒருவன்தான். சொன்னால் அவன் மாட்டுவான். சொல்லாவிட்டால் நான் மாட்டுவேன். குழு என் பேரில் அல்லவா இருந்தது!

ரத்தம் வடியக் காத்திருந்த வாரங்களில் நான் மனுஷியாக இல்லை. மாத்திரை விழுங்கிவிட்டு, கண்ணாடி முன் நின்று, இடக்கண்ணை மூடி, முகமில்லாத ஒருத்தியைப் பார்ப்பேன். சிவப்பு மெல்ல மெல்லக் கறுப்பாயிற்று. கனவில் ஒவ்வொரு தடவையும் அந்த ஷெர்வானிக்காரன் கண்ணைக் கட்டைவிரலால் தோண்டிக்கொண்டிருப்பேன். விழித்த பிறகும் விரலில் ஈரம் இருப்பதுபோல இருக்கும். ஒரு நாள், என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அம்மா வைத்த சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் விட்டெறிந்தேன். குழம்பில் கிடந்த மீன் துண்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கைக்குத் தெரியவில்லை. மூன்றாவது தடவையும் கை தட்டின் விளிம்பில் இடித்தது, அவ்வளவுதான் காரணம். அம்மா சுவரைத் துடைத்தாள். உள்ளே போய் முள்ளெடுத்துப் பிசைந்து உருட்டி, உருண்டைகளை என் உள்ளங்கையிலேயே ஒவ்வொன்றாக வைத்தாள்.

அடுத்த ஸ்கேனில் ரத்தம் போயிருந்தது. மேக்குலாவின் நடுவே ஓட்டை. படத்தில் பார்த்தால் அணைக்கட்டு உடைந்ததுபோல இரண்டு பக்கமும் சுவர் நிற்கிறது, இடையில் வெறும் பள்ளம்.

"அறுவை சிகிச்சை பண்ணலாம்" என்றார் டாக்டரம்மா. "கண்ணுக்குள்ள ஜெல்லி மாதிரி ஒண்ணு இருக்கும். அதை எடுத்துட்டு, ஓட்டையைச் சுத்தி இழுத்துப் பிடிச்சிட்டிருக்கற மெல்லிசான தோலை உரிச்சுட்டு, உள்ள ஒரு வாயுக் குமிழி விடுவோம். அந்தக் குமிழிதான் ஓட்டையை மூடி அழுத்தணும். குமிழி எப்பவும் மேலதான் போகும். ஓட்டை கண்ணோட பின்பக்கம். அதனால பின்பக்கம் மேல இருக்கற மாதிரி நீங்க குப்புறக் கவிழ்ந்தே இருக்கணும். சாப்பிடறது, தூங்கறது எல்லாம் கவிழ்ந்துதான். நிமிர்ந்தா நான் பண்ணது வீண்."

"பார்வை வருமா?"

"கொஞ்சம் வரும். பழையபடி வராது. பொய் சொல்ல மாட்டேன்."

கண்ணுக்குக் கீழே ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். வலி போனது, காது போகவில்லை. அறுவை முழுக்க எனக்கு நினைவிருந்தது. கண்ணுக்குள் கருவிகள் நடமாடுவது கறுப்பு நிழல்களாகத் தெரிந்தது. யாரோ என் தலைக்குள் நின்று பெருக்குவதுபோல இருந்தது. என் கைகளைத் துணியால் கட்டியிருந்தார்கள். அதுவும் நல்லதுதான்.

வார்டில் நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முன்னால் இருக்கிற மேஜையில் நெற்றியை வைத்துக் கவிழ்ந்திருந்தேன். பார்வையில் தரையின் வெள்ளைக் கல் மட்டும். பக்கத்துக் கட்டிலில் கலா என்று ஒருத்தி. கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு. பையன்கள் அடித்த கார்க் பந்து கண்ணில் பட்டு விழித்திரை கழன்றுவிட்டது. அவளும் என்னைப்போலவே கவிழ்ந்திருந்தாள். அதனால் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பழகினோம். எனக்கு அவள் என்றால் மெட்டி தேய்ந்த இரண்டு கால், ஒரு குரல்.

"இன்னாம்மா, அழுவுறியா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. தரையில சொட்டுது, எனக்குத் தெரியுது. எனுக்கும் கயுத்து ஒடையுது. இந்த ஊருல எவனும் குனிஞ்சு நடக்கறதில்ல, நம்ம ரெண்டு பேரு தலையில மட்டும் எய்திகீது பாரு."

ஜெரால்ட் பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். இரண்டு நாள் தரையையே பார்த்த பிறகு நான், "ஒரு முகம் பாக்கணும் ஜெரால்ட், பைத்தியம் புடிச்சிரும்" என்று சொன்னேன். அவர் தரையில் மல்லாந்து படுத்து, தலையை நகர்த்தி நகர்த்தி என் மேஜைக்கு அடியில் கொண்டுவந்து வைத்தார். தலைகீழாக அவர் முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது. அப்படியே படுத்துக்கொண்டு பேப்பர் படித்துக் காட்டினார். கஞ்சியில் நான் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது இரண்டு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. துடைக்கவில்லை. துப்புரவு ஆயா வந்து, "சார், நான் பெருக்கணுமா வேணாமா?" என்று கேட்டாள். "என்ன விட்டுட்டுப் பெருக்குங்கம்மா" என்றார்.

இவ்வளவு மென்மையான மனிதர்தான் அன்று பிற்பகல் மதனை அடித்தார்.

முதலில் எனக்குத் தெரிந்தது செருப்பு. வார் அறுந்து கம்பி போட்டுக் கட்டிய செருப்பு. அது மதனுடையது என்று எனக்குத் தெரியும். மேஜைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. "அக்கா" என்றான். அடுத்த நொடி ஜெரால்டின் ஷூக்கள் என் கட்டிலைத் தாண்டிப் பறந்தன. மொத்தென்று ஒரு சத்தம். முதுகு சுவரில் மோதியது. மறுபடி மொத்து. செருப்பில் ஒன்று கழன்று கட்டிலுக்கு அடியில் வந்தது. ஜெரால்ட் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. மதனும் கத்தவில்லை. வெள்ளைக் கல்லில் ரத்தம் பெரிய பெரிய சொட்டாக விழுந்தது. ஒரு சொட்டு என் கால்விரலில் தெறித்தது. சூடாக இருந்தது.

நிறுத்து என்று என்னால் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. ஒவ்வொரு அடிக்கும் என் வயிற்றில் ஏதோ ஒன்று, இன்னும், இன்னும் என்றது. நெற்றியை மேஜையில் அழுத்திக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கலாதான் நிறுத்தினாள். தலையைத் தூக்காமலே பக்கத்தில் இருந்த எவர்சில்வர் தூக்கை எடுத்து வீசி ஜெரால்டின் கணுக்காலில் ஒரு போடு போட்டாள். ரசம் தரையெல்லாம் ஓடியது. "டேய்! இன்னா இது, ஆஸ்பத்திரியா, சண்ட கொட்டாயா? நாங்க ரெண்டு பேரு தல நிமுர முடியாம குந்தினுகிறோம், இங்க வந்து ஆட்டம் காட்டினுகிறியா?"

ஜெரால்ட் நின்றார். மதன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். இப்போது அவன் முகம் என் பார்வைக்குள் வந்தது. உதடு கிழிந்து, ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது.

"அடிங்கண்ணா" என்றான். "ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு நேரா இங்கதான் வரேன். அது என்னுது, அக்காக்குத் தெரியாம நான் வாங்கினது, அவன் என் கையிலேருந்து புடுங்கி வேணும்னே அடிச்சான்னு சொல்லிட்டேன். என்ன எப்ப வேணா கூப்புடுவாங்களாம்."

"ஏன்டா ஓடுன?" என்று நான் கேட்டேன்.

"பயந்துட்டேன்க்கா."

அவ்வளவுதான் சொன்னான். வேறு காரணம் எதையும் ஜோடிக்கவில்லை. ஜெரால்ட் வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவருடைய ஷூக்கள் திரும்பி வந்தன. கையில் இருந்த ஐஸ் பொட்டலத்தை மதன் மடியில் போட்டார். கொடுக்கவில்லை, போட்டார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த டாக்டரம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தலையைத் தூக்கினீங்களா?"

"இல்ல டாக்டர்."

"நிஜமா?"

"அவ தூக்கலம்மா" என்றாள் கலா. "நான் சாட்சி. நானும் பாக்கல, ஆனா சாட்சி."

குமிழி நாளாக நாளாகச் சுருங்கியது. அது சுருங்குவது எனக்கே தெரியும். பாதி குடித்த பாட்டிலுக்குள் தண்ணீர் அலம்புவதுபோல, நடக்கும்போது கண்ணுக்குள் ஒரு கோடு ஆடும். கடைசியில் அது ஒரு மிளகு அளவாகி, ஒரு காலை காணாமல் போயிற்று. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா முதல் முறையாகச் சிரித்தார். ஓட்டை மூடிவிட்டது.

பார்வை கொஞ்சம் வந்தது. பேருந்தின் எண்ணை வலக்கண்ணால் படிக்க முடியாது. பேருந்து வருவது தெரியும். கதவு நிலையின் நடுப்பகுதி உள்வாங்கி வளைந்திருக்கும். எதிரே இருப்பவர் முகத்தில் மூக்கு கலங்கிப்போகும், காதுகள் நன்றாகத் தெரியும். இரண்டு கண்ணையும் திறந்தால் சமாளிக்கலாம். ஆனால் ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது இன்னும் சரியாகப் பிடிபடுவதில்லை. தண்ணீரைத் தம்ளருக்கு வெளியே ஊற்றுகிறேன். இதற்குமேல் முன்னேற்றம் இருக்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

மதனின் வாக்குமூலத்துக்குப் பிறகு என் மேல் கொடுத்த புகார் நிற்கவில்லை. ஷெர்வானிக்காரன் மேல் வழக்கு நடக்கிறது. அவனுடைய மாமா ஒருவர் ஆப்பிள் கூடையோடு வீட்டுக்கு வந்து, "சின்னப் பையன், வெளாட்டா பண்ணிட்டான், பேசி முடிச்சுக்கலாம்" என்றார். அம்மா கூடையைத் தெருவில் வைத்துக் கதவைச் சாத்தினாள். ஆப்பிள்களை மாடு தின்றது.

ஆட்டத்துக்கு நான் திரும்பப் போகப்போகிறேன் என்று சொன்ன பிறகு மதன் ஒரு நாள் மதியம் மொட்டைமாடிக்கு வந்தான். பையிலிருந்து ஒரு கறுப்பு டார்ச்சை எடுத்துத் தரையில் வைத்தான்.

"போலீஸ்ட்ட இருக்கில்ல?"

"ஜோடியா வாங்கினேன்க்கா. இது இன்னொண்ணு. வேற டீமுல கேக்கறானுங்க. நான் போட்ட காசுக்கு மேலயே தரேன்றானுங்க." தலையைத் தூக்கவில்லை. "குடுக்க மனசு வரல. வெச்சுக்கவும் முடியல. நீயே சொல்லு."

நான் கீழே போய்ச் சுத்தியலை எடுத்து வந்தேன். பின்னாலேயே ஜெரால்டும் ஏறி வந்தார். டார்ச்சைத் திருகி பேட்டரியை எடுத்துத் தனியே வைத்தார். பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். கட்டடக்காரர்கள் போடுகிற பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். என் காதில் மாட்டிவிட்டார்.

ஓங்கி அடித்தேன். சுத்தியல் டார்ச்சுக்கு நாலு விரற்கடை தள்ளித் தளத்தில் விழுந்து பொறி பறந்தது. மறுபடி அடித்தேன். விளிம்பில் பட்டு டார்ச் உருண்டு ஓடியது. மூன்றாவது தடவையும் அப்படித்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இதைக்கூட என்னால் செய்ய முடியவில்லையா?

மதன் டார்ச்சை எடுத்து வந்து என் முன்னால் வைத்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் வால் பக்கத்தை இரண்டு விரலால் தரையோடு அழுத்திப் பிடித்தான்.

"இப்ப அடி."

"கைய எடு. எனக்கு எங்க விழும்னு தெரியல."

"தெரியும். அடி."

அடித்தேன். லென்ஸ் பக்கம் நசுங்கியது. அடுத்த அடி அவன் ஆள்காட்டி விரலில் விழுந்தது. நகத்துக்கடியில் உடனே ரத்தம் கட்டியது. "ஸ்ஸ்" என்றான். கையை எடுக்கவில்லை. "இன்னும் ஒடையலக்கா. உள்ள கண்ணாடி முய்சாகீது" என்றான்.

ஜெரால்ட் அவன் எதிரே மண்டி போட்டார். "கைய எட்றா, நான் புடிக்கறேன்" என்றார். மதன் எடுக்கவில்லை. அவர் ஒரு நொடி அவனைப் பார்த்துவிட்டு, தன் இரண்டு விரலையும் அவன் விரல்களுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினார்.

நாலு விரல்கள். நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு இரும்பு. எனக்கு அது வளைந்து தெரிந்தது. நான் வலக்கண்ணை மூடிக்கொண்டேன். சுத்தியலை மெதுவாக இறக்கி, இரும்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்து இடத்தைக் கைக்குச் சொல்லிக்கொடுத்தேன். பிறகு தோளுக்கு மேல் தூக்கி, என் பலம் மொத்தத்தையும் சேர்த்து இறக்கினேன். கண்ணாடி நொறுங்கியது. அது பொடியாகிற வரைக்கும் அடித்தேன். அவர்கள் இருவரும் அதுவரைக்கும் பிடித்திருந்தார்கள்.